0.9 யூனிட்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறாதே என்று நான் சொன்னால் கேட்கவா போகிறாய்! பதில் போடத் தாமதமானதற்கு வழக்கமான சோம்பல் காரணமில்லை. பாதி நாள் சாலையில்தான் இருந்தேன். மீதி நாள், அடுத்து எந்தச் சாலை என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோல் கார் வைத்திருந்தபோது பங்க் பங்க்காக எண்ணிக்கொண்டு திரிந்தாயா? இப்போது மின்சாரக் காரில் சார்ஜிங் நிலையம் நிலையமாக எண்ணிக்கொண்டு திரிய என்ன வந்தது?" என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நியாயமான கேள்விதான். திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும் ஒன்றை யார் எண்ணுவார்கள்? ஆனால் பங்க்கும் ஒரு காலத்தில் அரிதாகத்தான் இருந்தது. 1888-இல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் செய்த காரைக் கணவரிடமே சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினார் அல்லவா? நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வழியில் எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடைக்குள் போய், துணிக்கறை எடுக்க வைத்திருந்த லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் அந்த மருந்துக்கடையைத்தான் சொல்கிறார்கள். எங்களைப் போல அன்றைக்கு யாராவது பட்டியல் போட்டிருந்தால் அந்த அம்மாதான் முதலிடம், எண்ணிக்கை ஒன்று.

சரி, எங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மொத்தம் பதினான்கு பேர். யார் அதிகமான பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குப் போயிருக்கிறார்கள் என்பதுதான் போட்டி. பரிசு கிடையாது. விதிகளைச் சொன்னால் நீ இன்னும் சிரிப்பாய். வேகமாக ஏற்றும் டிசி சார்ஜராக இருக்க வேண்டும், எவரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் நாற்பது பிளக் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தால் செல்லாது. பிளக்கை மாட்டிக் குறைந்தது ஒரு யூனிட்டாவது ஏற்ற வேண்டும். ஏற்றியதாக நாமே நம் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பதற்கு யாருமில்லை.

இந்த ஒரு யூனிட் விதிதான் எல்லாக் கூத்துக்கும் காரணம். மின்சாரக் கார் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரே பயம், நடுவழியில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று. எனக்கும் இருந்தது. நாற்பது சதவிகிதத்துக்குக் கீழே போனாலே உள்ளங்கை வேர்க்கும். இந்த விளையாட்டுக்குள் வந்த பிறகு பயம் தலைகீழாகிவிட்டது. பேட்டரி நிறைந்திருந்தால்தான் இப்போது கவலை. தொண்ணூற்றைந்து சதவிகிதத்தோடு புதிய நிலையத்துக்குப் போய் நின்றால், ஒரு யூனிட் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். குடம் நிரம்பப் போகிறது என்றால் குழாயைத் திருகிச் சிறிதாக்குவோமே, அந்த வேலையைக் கார் தானாகவே செய்கிறது. எண்பது சதவிகிதத்தைத் தாண்டினாலே வேகம் இறங்க ஆரம்பித்துவிடும். காலியாக இருக்கும்போது முழு வேகத்தில் உள்ளே விடும். அதனால் ஒரே நாளில் ஆறேழு நிலையங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து சதவிகிதத்தோடு போய் நிற்க வேண்டும். அடுத்த இடம் வரைக்குமான தீனியை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நிலையங்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே இருந்தால் நீண்ட பயணத்துக்கே இது நல்ல வழி. ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் ஏற்றுகிறவரை விட, இரண்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்கிறவர் முன்னால் போய்விடுவார். பைத்தியக்காரத்தனத்தில் தற்செயலாக ஒரு லாபம்.

லாபம் என்று எழுதிவிட்டேன், நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கணக்கில் இன்னும் சேராத ஒரு நிலையத்துக்காக நெடுஞ்சாலையை விட்டு இருபது கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பினேன் என்று வை. நாற்பது கிலோமீட்டர். என் வண்டி அதற்கு ஏறக்குறைய ஏழு யூனிட் தின்னும். எதற்காக? ஒரு யூனிட் ஏற்றியதாக எழுதிக்கொள்வதற்காக. இந்தக் கணக்கைத் தயவுசெய்து என் மகளிடம் சொல்லாதே. சுற்றுச்சூழல் பற்றி அவளுக்கு நான் ஆற்றிய உரைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஆனாலும் எனக்கு அந்தக் கணம் பிடித்திருக்கிறது. பிளக்கை மாட்டியவுடனே மின்சாரம் பாய்ந்துவிடாது, தெரியுமா? முதலில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். என் பேட்டரிக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு தாங்கும் என்று கார் சொல்லும். எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று ஒரு சோதனை நடக்கும். எல்லாம் சரியென்றால் வண்டிக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சார்ஜரின் மின்விசிறி மெதுவாக எழும்பும். சில விநாடிகள்தான், ஆனால் முன்பின் தெரியாத ஊரில் இருட்டில் நின்றுகொண்டு அந்த 'டக்' சத்தத்துக்குக் காத்திருப்பது இருக்கிறதே, தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் நம் நம்பரைத் தேடுவதுபோல இருக்கும்.

இந்த நிலையங்களை எங்கே வைக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? முகப்பில் வைப்பது அபூர்வம். விடுதிக்குப் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் மூன்றாம் தளத்தில் சிமெண்டுத் தூணுக்குப் பின்னால். பெட்ரோல் பங்க்கில் மழைக்கு ஒதுங்கக் கூரையாவது இருக்கும், இங்கே பெரும்பாலும் அதுவும் கிடையாது. கனத்த கேபிளைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி நிற்பேன். ஓர் ஊரின் முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களைக் கேட்கலாம், முகம் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இந்தப் பட்டியல் எப்போதாவது முடியுமா என்றும் கேட்டிருந்தாய். முடியாது. டெஸ்லாக்காரர்கள் 2012 செப்டம்பரில் தங்கள் வேக சார்ஜர்களை முதலில் திறந்தபோது ஆறே இடங்கள், எல்லாம் கலிபோர்னியாவில். ஃபோல்சம், கில்ராய், கோலிங்கா, லெபெக், பார்ஸ்டோ, ஹாத்தோர்ன். மனசு வைத்திருந்தால் ஒரு சனி ஞாயிறில் முழுப் பட்டியலையும் முடித்துவிட்டு, இனி உலகில் பாக்கி எதுவுமில்லை என்று ஒருவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். இப்போது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உலகம் முழுக்க 60,000-க்கும் மேற்பட்ட பிளக்குகள். நீ ஒன்றுக்குப் போய் வருவதற்குள் வேறெங்கோ இன்னொன்றைத் திறந்துவிடுவார்கள்.

ஸ்காட்லாந்தில் மலையேறுகிறவர்களுக்கும் இதே பாடுதான். 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ஹியூ மன்ரோ என்பவர் 1891-இல் பட்டியல் போட்டு வெளியிட்டார். அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அத்தனையிலும் ஏறிவிடுவது என்று இன்றுவரை ஆட்கள் கிளம்பிக்கொண்டேயிருக்கிறார்கள். ஆனால் நவீனக் கருவிகளோடு போய் மறுபடி அளக்கும்போது ஏதாவது ஒரு சிகரம் சில அடி குறைந்து பட்டியலை விட்டு விழுந்துவிடும். 2012-இல்கூட ஒன்று விழுந்து 282 ஆயிற்று. எங்களுக்கும் நிலையங்கள் மூடப்படுவதுண்டு. மூடிய நிலையத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா என்று நாங்கள் பதினான்கு பேரும் ஒரு முழு மாலை சண்டை போட்டோம். வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. போனது போனதுதானே? இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: பட்டியல் போட்ட மன்ரோவே கடைசி வரைக்கும் அதை முடிக்கவில்லை. 1901-இல் ராபர்ட்சன் என்ற பாதிரியார் முதல் ஆளாக முடித்தார் என்கிறார்கள்.

நாங்கள் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று ஓர் எழுதாத விதியும் உண்டு. பழைய டெஸ்லா நிலையங்கள் சிலவற்றில் 1ஏ, 1பி என்று இரண்டிரண்டு பிளக்குக்கு ஒரே மின்சாரத்தைப் பங்கு போட்டிருப்பார்கள். நீ போய்ப் பக்கத்தில் மாட்டினால் ஏற்கெனவே நிற்பவருக்கு வேகம் குறையும். வேறிடம் காலியாக இருந்தால் தள்ளிப் போய் நிற்பதுதான் மரியாதை. ஒருமுறை நான் மாட்டி அரை நிமிடம்கூட ஆகவில்லை, பின்னால் ஒரு பெண் வந்து நின்றார். மற்ற பிளக்குகளில் எல்லாம் வண்டிகள். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது, பேட்டரியில் மூன்று சதவிகிதம். என் வண்டியிலோ எழுபது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். "உங்களுக்கு முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு முடியவில்லை, அதையும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போய்த்தான் கணக்கில் சேர்த்தேன்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அடுத்ததையும் படி.

போன மாதம், இரவு பதினொன்றரை மணி. எனக்கு 211-ஆவது நிலையம். பேட்டரியில் ஒன்பது சதவிகிதம். நான்கு சார்ஜர்கள் இருந்தன. ஒன்றில் திரையே எரியவில்லை. இன்னொன்றில் கேபிளே இல்லை, உள்ளே இருக்கும் செம்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவது என் செல்போன் ஆப்பை ஏற்கவில்லை. நான்காவதில் மாட்டினேன், பூட்டிக்கொண்டது, 'டக்' கேட்டது, விசிறி எழும்பியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் நின்றுவிட்டது. திரையில் 0.4 யூனிட். கழற்றி மறுபடி மாட்டினேன், 0.3. மறுபடி, 0.2. அதற்கப்புறம் அது என்னோடு பேசவே இல்லை. கூட்டிப் பார், 0.9.

அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் இருந்த, ஏற்கெனவே போய் வந்த நிலையத்துக்கு ஏசியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே உட்கார்ந்து பட்டியலைத் திறந்து என் பெயருக்கு எதிரே 211 என்று எழுதினேன். 0.9-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் வாழ்த்துகூடச் சொன்னார்கள்.

மூன்று நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் இதற்கா என்று நீ கேட்பாய். எனக்கு நினைவுக்கு வந்தது சார்ஜர் இல்லை, நம் இஞ்சின் நோட்டு. லெவல் கிராசிங் மதில்மேல் உட்கார்ந்து, போகிற வருகிற ரயில் இஞ்சின் நம்பரையெல்லாம் எழுதினோமே, நீலக் கோடு போட்ட அந்த நோட்டு. ஒரு மழை நாளில் ஓர் இஞ்சின் வேகமாகக் கடந்து போயிற்று. உன் கண்ணாடி நனைந்து உனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தியாடா?" என்றாய். நான் முழு நம்பரையும் சொன்னேன், நீ அப்படியே எழுதிக்கொண்டாய். ரகு, எனக்குக் கடைசி இரண்டு இலக்கமும் தெரியவில்லை. அந்தக் கணத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த மாதம் நம் கணக்கு நூறானது அந்த ஒன்றால்தான், அதனால் அப்புறமும் சொல்லவில்லை. நோட்டு இன்னும் உன்னிடம் இருந்தால் அதை அடித்துவிடு. நூறாவது வரி, தேடவே வேண்டியதில்லை.

பட்டியலில் 211-ஐ நானே அழித்துவிட்டு, 0.9 என்று காரணமும் எழுதினேன். ஒருவர் "அதெல்லாம் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்னொருவர் எதுவும் சொல்லாமல், தன் எண்ணிக்கையிலும் இரண்டைக் குறைத்துக்கொண்டார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆக, இப்போது நான் 210-இல் நிற்கிறேன், ஆறாம் இடம். நேற்று வரைபடத்தைப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது: உன் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு புதிய நிலையம், எட்டு பிளக். நான் வருவது உன்னைப் பார்க்கவா, அதைப் பார்க்கவா என்று கேட்டு வம்பு பண்ணாதே. அடுத்த மாதம் இரண்டாவது வாரம் வருகிறேன். பத்து சதவிகிதத்தோடுதான் வந்து நிற்பேன். நீயும் அங்கேயே வந்துவிடு. ஜப்பானியர்கள் தங்கள் வேக சார்ஜருக்குச் சாடெமோ என்று பெயர் வைத்தபோது அதற்குள் ஒரு சிலேடையை ஒளித்து வைத்தார்கள், 'ஒரு டீ சாப்பிடலாமா?' என்று அவர்கள் கேட்கும் வாசகத்தின் சாயல் அதில் வரும். அவ்வளவு நேரம்தான் ஆகும் என்று பொருள்.

நமக்கு அந்த நேரம் போதாது. அதனால் நிலையத்தில் ஒரே ஒரு யூனிட்தான் ஏற்றப்போகிறேன், எழுதிக்கொள்ள அது போதும். மீதியை உன் வீட்டுச் சாதாரணப் பிளக்கில் போடுகிறேன். அதில் என் பேட்டரி நிறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். வாசல் பக்கம் ஒரு பிளக் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன்,
சங்கர்