சட்டையை முகர்ந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பதின்ம வயதுப் பிள்ளைகளின் போதைப் பழக்கம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சட்டையில் புகை வாசம் வருகிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல்கிறது. பீடி, சிகரெட், கஞ்சாவுக்கு அது சரி. ஆனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்ட ஒரு பொருளுக்குப் புகையே கிடையாது.

கூல் லிப் போன்ற புகையிலைப் பைகளைச் சொல்கிறோம். டீ பையை விரல் நுனி அளவுக்குச் சுருக்கினாற்போல இருக்கும். உள்ளே புகையிலை, கூடவே புதினா வாசம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் போதும், மெல்ல வேண்டியதில்லை. நிக்கோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும். பாடம் நடக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் போனால் மிட்டாய் வாசம்தான் வரும். 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இது மாணவர்களிடம் பரவுவதைப் பற்றிக் கவலை தெரிவித்தது.

எனவே பார்க்க வேண்டிய இடம் வாய். பகல் வெளிச்சத்தில், கீழுதட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து வெளிப்பக்கமாக மடக்கிப் பாருங்கள். பை உட்காரும் இடத்தில் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் நுனிபோலச் சுருங்கியிருக்கும். அந்த இடத்துப் பல்லில் மட்டும் ஈறு கீழிறங்கி வேர் தெரியலாம். மேலுதட்டையும் இரு கன்னங்களையும் விடாதீர்கள். சிலர் இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். வெறும் வெள்ளைச் சுருக்கம் பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் மறையும். சிவப்புத் திட்டு, வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றைப் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பாக்கு சேர்ந்த குட்காவின் சேதம் வேறு மாதிரி. காரம் பட்டால் எரிகிறது என்று பையன் ரசம் சோற்றை ஒதுக்குவான். பிறகு வாய் திறப்பது குறையும். அவனுடைய விரல்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உள்தோலுக்கு அடியிலுள்ள பகுதி நார்போல் இறுகத் தொடங்கியிருக்கலாம். இது தானாகச் சரியாகாது, புற்றுநோய்க்கும் வழிவிடும்.

வாயைத் தவிர வேறு தடயங்களும் உண்டு. கழிவறை மூலையிலும் துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையிலும் பழுப்பேறிய சின்னப் பைகள் கிடைக்கும். காலையில் திடீரென வியர்த்து, தலைசுற்றி வாந்தி வந்தால் நாம் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்துவிடுகிறோம். பழகாத உடம்பில் நிக்கோடின் கூடினாலும் இதே குறிகள்தான். பள்ளி நாளில் சாதாரணமாக இருப்பவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரிந்து விழுகிறானா என்றும் பாருங்கள். சரக்கு கிடைக்காத நாள் அதுவாக இருக்கலாம். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் யோசியுங்கள்.

கண்டுபிடித்த அன்றே அடிப்பதால் ஒன்றுதான் நடக்கும்: அடுத்த முறை நன்றாக ஒளித்து வைப்பான். பல் சுத்தம் செய்ய என்று சொல்லிப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பத்து நிமிடம் மருத்துவரும் அவனும் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். பெற்றோர் எதிரில் ‘இல்லை’ என்பவன், ஒரு நாளைக்கு எத்தனை என்பது வரை அங்கே சொல்லிவிடுவான். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம். தலைவலி, தூக்கமின்மை, கோபம் எல்லாம் வரும். மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். ஆகவே தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள். ஆசை எழும்பும் சில நிமிடங்களைத் தாண்டச் சோம்போ கிராம்போ வாயில் போடலாம். ‘புகையிலைக்குப் பாக்கு தேவலை’ என்று வாசனைப் பாக்கு வாங்கிக் கொடுக்கும் நல்லெண்ணம் மட்டும் வேண்டாம். பாக்கே புற்றுநோய் தரும் பொருள், பழக்கமும் ஆகும். நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவும் கூடாது. புகையிலையை நிறுத்த இலவச ஆலோசனைக்கு 1800 11 2356, மற்ற போதைப் பழக்கங்களுக்கு 14446.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது தனி ஆபத்து. வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிவது, மயிர்க்கூச்செறிதல் என்று இருந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

கடைக்காரரைப் பற்றிப் புகார் எழுதுவோருக்கு ஒரு தகவல். சிறுவருக்கு விற்றால் புகையிலைச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய்க்குள்தான். அந்தப் பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவிலோ, சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, பயன்படுத்தி எறிந்த பை எப்படி இருக்கும் என்று பெற்றோருக்குத் தெரிய அதன் படத்தை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வெளியிடுங்கள். பாக்கெட்டின் படம் வேண்டாம், அது விளம்பரமாகிவிடும்.

இப்படிக்கு,
பள்ளிப் பல் பரிசோதனை முகாம் மருத்துவர்கள் சிலர்,
மதுரை