விளக்கும் குடமும்

களுதாவளை, மட்டக்களப்பு

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு, இலங்கை ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜெயவர்தனாவைப் பற்றிக் கேட்டாய், "ஜே.ஆர். சர்வாதிகாரியா அப்பா? கூட வேலை செய்கிறவன், மக்கள் வாக்குப் போட்டுத்தானே வந்தவர் என்கிறான்" என்று. பதில் சொல்ல முதல் லைன் அறுந்துவிட்டது. அதுவும் நல்லதுதான். வாயால் சொன்னால் நான் எங்கெங்கோ போய்விடுவேன்.

உன் கூட்டாளி சொல்வது பொய்யில்லை. 1977இல் எனக்கு 19 வயது, முதல் வாக்கு. ஜே.ஆரின் கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது பாதிக்குக் கொஞ்சம் மேலான வாக்குத்தான். ஆசனமோ 168இல் 140. அந்தக் காலத் தொகுதி முறை அப்படி. அந்தப் பலத்தில்தான் 1978 பெப்ரவரியில் ஜனாதிபதி கைக்கு நிறைவேற்று அதிகாரம் போனது, செப்டம்பரில் புது அரசியல் யாப்பும் வந்தது. எங்கள் பக்கம் அதை ஆர் கவனித்தது? நவம்பர் 23 சூறாவளி கூரைகளையெல்லாம் கொண்டுபோனது. அப்பம்மாவிடம் 78 என்று சொல்லிப்பார், காற்றைத் தவிர வேறு கதை வராது.

அவர் சட்டத்தை மீறினார் என்று ஒருவரும் லேசில் சொல்ல முடியாது. முதலில் சட்டத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றுவார், பிறகு அதன்படி நடப்பார். 1980இல் முந்திய பிரதமர் சிறிமாவோவின் குடியியல் உரிமையை 7 வருடத்துக்குப் பறித்ததும் பாராளுமன்றத்தில் கையுயர்த்தித்தான். 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு தன் கட்சி எம்பிமாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார். திகதியை அவர் எப்போதும் போடலாம்.

அப்புறம் டிசம்பர் 22, சர்வஜன வாக்கெடுப்பு. பொதுத்தேர்தல் வைக்காமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் 6 வருடம் நீட்டலாமா என்று கேள்வி. ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நாட்டில் அவசரகாலச் சட்டம். மாரி மழையில் பள்ளிக்கூட வாசல் சேற்றில் வரிசை. அப்பம்மா என் காதுக்குள் கேட்டா: "நிறைகுடமும் குத்துவிளக்கும் சேத்துத்தானே வைக்கிற, இதில ஒண்டத் தள்ளச் சொல்றானுகளே, ஆகுமா மனே?" எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

நாடு முழுக்க நூற்றுக்கு 54 சொச்சம் விளக்குக்கு. யாழ்ப்பாணம் குடத்தோடு நின்றது.

அந்த வாக்கெடுப்புக்கு எதிராக மதகுருமார் அமைப்பு ஒன்று அடித்த துண்டுப்பிரசுரங்களை ஒரு பொலிஸ் அதிகாரி பறித்தார். உயர் நீதிமன்றம் அது பிழை என்று சொல்லி, நட்டஈடு கட்டச் சொன்னது. அமைச்சரவை என்ன செய்தது தெரியுமா? பணத்தை அரசே கட்டியது, அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. இதை உன் கூட்டாளிக்குச் சொல். அப்படி வழக்குப் போகிற உரிமையைத் தந்ததும் அதே 78 யாப்புத்தான் என்பதையும் சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் மடக்கிவிடுவான். இரண்டு தவணை முடிய 1989 ஜனவரியில் கதிரையை விட்டு இறங்கியதும் உண்மை.

ஆனால் 19 வயதில் பாராளுமன்றத்துக்குப் புள்ளடி போட்ட நான், அடுத்ததைப் போட்டது 1989 பெப்ரவரியில். 31 வயது. உன் அக்கா இடுப்பில் இருந்தாள்.

82இல் எதற்குப் புள்ளடி போட்டா என்று அப்பம்மாவிடம் நேற்றும் கேட்டேன். "வெத்திலையத் தா" என்றா.

அன்புடன்,
அப்பா