தேவசகாயம் துணிந்தது சாவுக்கு மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம். விசுவாசத்துக்காகத் துணிவது என்றாலே எல்லாரும் உயிரைக் கொடுப்பதைத்தான் பேசுகிறார்கள். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்துக்குத் திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை, வசதியான குடும்பம், 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றுக் கிறிஸ்தவரானார், அப்புறம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். 1749-ல் கைது, தொடர்ந்து சித்திரவதை, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது நாங்களும் வெடி போட்டுக் கொண்டாடினோம். சரி, ஆனால் கல்யாணப் பேச்சில் முதலில் சாதி கேட்கிற கிறிஸ்தவ வீடுகள் இன்னும் இருக்கின்றனவே, அதுதான் வலிக்கிறது. என் மகனுக்குப் பெண் பார்க்கிறோம், சாதி கேட்க மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வாசகி, நாகர்கோவில்