பொறியியற் பட்டத்துக்குப் பின்: உயர்தரக் கணிதப் பிரிவுப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பலரும் கேட்டது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: மொரட்டுவையிலோ பேராதனையிலோ பிள்ளைக்குப் பொறியியற்பீடம் கிடைத்துவிட்டால் நான்கு வருடத்தின் பின் வேலை நிச்சயமா, அல்லது வெளிநாட்டு மேற்படிப்புக்கு இப்போதே பணம் சேர்க்க வேண்டுமா? மண்டபத்தில் நின்றபடி ஓரிரு வசனத்தில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கட்டட, வீதி வேலைகள் பல இடைநின்று, குடிசார் பொறியியலாளர் பலர் வெளிநாடு சென்றதை எல்லோரும் கண்டோம். அதை வைத்து, "சிவில் வேண்டாம், கம்ப்யூட்டர்தான்" என்று வீட்டில் தீர்மானித்துவிடுவது சரியென்று நான் நினைக்கவில்லை. இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளை பட்டதாரியாக வெளிவரும்போது சந்தை எப்படியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. மேலும், எமது அரச பல்கலைக்கழகங்களில் துறைத் தெரிவு பெரும்பாலும் தொடக்கப் பருவத்துப் பெறுபேறுகளைக் கொண்டே நடக்கிறது. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை ஆங்கில விரிவுரைக்குப் பழகுமுன்னரே அந்தப் புள்ளிகள் எழுதப்பட்டுவிடுகின்றன. இணைந்த கணிதத்தில் திறமையான பிள்ளைகள்கூட இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள் என்று மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கைத்தொழிற் பயிற்சி. பட்டப்படிப்பின் நடுவே சில மாதங்கள் மாணவர்கள் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். நீர் வழங்கல் வேலைத்தளமொன்றில் பயிற்சி பெற்ற எமது பழைய மாணவி ஒருவர் தமது பயிற்சிக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு நாளும் குழாய் இணைப்பின் பென்சில் வரைபடம், அழுத்தச் சோதனையின் அளவீடு, அது ஏன் தவறியது என்ற தம் சொந்த ஊகம், அருகே மேற்பார்வைப் பொறியியலாளரின் கையொப்பமும் சிவப்பு மையில் ஒரு திருத்தமும். நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு அவரிடம் விடயம் இருந்தது. பயிற்சியை ஒப்புக்கு முடித்தவர்களுக்குச் சான்றிதழ் மட்டுமே மிஞ்சுகிறது.

மேற்படிப்பு விடயத்தில் தவறான எண்ணங்கள் கூடுதலாக உலவுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் வேண்டும். ஆனால் பொறியியலில் கலாநிதிப் பட்டத்துக்குத் தெரிவானவர்களுக்கு, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கு ஈடாகக் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைப்பது வழக்கம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் பெற்றவர் முதுமாணி இல்லாமலே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கே பணம் காட்ட வேண்டும். இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு மொரட்டுவையில் பகுதிநேர முதுமாணி படிப்போரும் பலர். குடும்பப் பொறுப்புள்ள பிள்ளைக்கு அதுவே நல்ல வழி என்பது என் எண்ணம். காணியை ஈடுவைத்து, என்ன ஆராயப் போகிறோம் என்று அறியாத பிள்ளையை முதுமாணிக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். பரிந்துரைக் கடிதங்களை எழுதுவோர் பிள்ளையை நன்கறிந்த விரிவுரையாளர்கள். அந்த அறிமுகம் மூன்றாம் வருடத்திலாவது, ஓர் ஆய்வு வேலையின் ஊடாகத் தொடங்கியிருக்க வேண்டும்.

பிள்ளையைத் தனியார் கல்வி நிறுவனங்களில் சேர்க்க எண்ணும் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014ஆம் ஆண்டு முதல், பொறியியற் பட்டங்களின் தராதரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர். பொறியியலாளர் நிறுவனத்தின் தராதர அங்கீகாரம் பெற்ற பாடநெறிகள் ஏனைய உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. அந்த அங்கீகாரம் பாடநெறிக்குப் பாடநெறி வழங்கப்படுவது. கல்வி நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி தொழில் புரிவதற்குப் பதிவும் தேவை. மூன்று வருடப் பட்டத்தை மேற்படிப்புக்குப் போதுமானதென ஏற்காத பல்கலைக்கழகங்களும் உள்ளன.

ஆதலால், எந்த நிறுவனத்துக்கும் முற்பணம் கட்டுமுன் அதன் பாடநெறிக் கையேட்டையும் அங்கீகாரக் கடிதத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு, பாடசாலை நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அலுவலகத்தில் என்னைச் சந்தியுங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

இங்ஙனம்,
அதிபர்
கொழும்பு