மதிலேறினால்தான் சிக்னல்

ஆசிரியருக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகரில் 5ஜி பற்றிப் பேச்சு அடிபடுகிறது. நல்லது, வரட்டும். நெடுந்தீவில் இருக்கும் எனக்கு ஆசை அதைவிடச் சின்னது. இரவு ஏழு மணிக்கு என் பேத்தி மதிலேறாமல் ஒரு பாடக் காணொளியைப் பார்த்து முடிக்கவேண்டும். எங்கள் கல்மதில்களைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அது சிக்னல் பிடிக்கிற இடம்.

போனில் நாலு கோடும் நிற்கும், டேட்டா அசையாது. அந்தக் கோடுகள் டவர் வரைக்கும்தான் பேசுகின்றன. டவரிலிருந்து அப்பால் போகவேண்டுமே! கண்ணாடி நார் வடம் எட்டாத இடங்களில் அந்த வேலையைச் செய்வது, டவரில் மேளம் போலப் பூட்டியிருக்கும் நுண்ணலை இணைப்பு. அதில் இடம் குறைவென்றால், பொழுதுபட எல்லோரும் போனைத் திறக்கும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகுக்கு நெருக்குப்படுவது மாதிரித்தான். கரண்ட் நின்று, டவர் பற்றரியும் இறங்கினால் அதுவும் இல்லை. சில நாட்களில் போன் இராமேஸ்வரத்துப் பக்கத்துச் சிக்னலைப் பிடித்து, இந்தியாவுக்கு நல்வரவு என்கிறது. விசா கேட்பதில்லை!

5ஜிக்குப் பெரும்பாலும் எடுக்கும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலை அதிக தூரம் போகாது. பரந்து கிடக்கும் எங்கள் ஊருக்கு 700 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையும், டவரிலிருந்து அப்பால் போகப் போதிய இணைப்பும், சூரிய மின்கலமும்தான் முதலில் தேவை. 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் ஒரு கடற்தொழிலாளியின் வீட்டுக்குக் கட்டாது. ஆனால் பாடசாலையில் ஒன்றைப் பூட்டி, பின்னேரங்களில் வைஃபையைத் திறந்துவிட்டால் என்ன?

விலையும் ஒரு சங்கதி. அடிப்படை இணையச் செலவு மாதத் தலா வருமானத்தின் 2 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது ஐ.நா.வின் அகலப்பட்டை ஆணைக்குழு வளரும் நாடுகளுக்கு வைத்த இலக்கு. அந்தத் தலா வருமானத்துக்குள் கொழும்புக்காரரும் இருக்கிறார். கடலுக்குப் போகாத மாதத்தில் இங்கே ரீலோட் போடுகிறவருக்கும் பெறுமதி சேர் வரி அதே 18 வீதம்தான்.

இணைய வேகம் அளக்க அதிகாரிகள் வந்தால் ஒரு வேண்டுகோள். காலைப் படகில் வந்து மத்தியானப் படகில் திரும்பாதீர்கள். ஓரிரவு தங்கி, ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.

ஓய்வுநிலை ஆசிரியர்,
நெடுந்தீவு.