விண்கலம் உதறாமல் இறங்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஐயா, அத்தை, அனைவருக்கும் வணக்கம்.

யாங்கோனில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து, பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்து ஓட்டும் ஸ்டாப் மோஷன் முறையில் செய்த ரசிகர் படம் முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் கேட்கிறார்கள். பாலைவனத்தில் விண்கலம் இறங்க, கேமரா மெல்ல அதன் கதவை நோக்கிப் போகும் அந்த 5 நொடி. அது எங்கள் கைகளால் மட்டும் ஆன காட்சி இல்லை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொல்லிவிட்டதால் நாங்கள் கூப்பிடும் முறையிலேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி லேத் பட்டறை அண்ணனுக்கு. கேமராவை விரலால் தள்ளினால் ஒரு படத்துக்கு 1 மில்லி, அடுத்த படத்துக்கு 3 மில்லி என்று தாறுமாறாகப் போகும். ஓட்டிப் பார்த்தால் காட்சி முழுக்க உதறும். பொம்மையை எவ்வளவு அழகாக நடக்க வைத்தாலும் அந்த உதறல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அண்ணன் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு எம்8 மரைக்கம்பியை இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் பூட்டி, கேமரா உட்காரும் பலகையில் ஒரு நட்டைப் பொருத்தி, அதைக் கம்பியில் கோத்துக் கொடுத்தார். கம்பியை ஒரு சுற்று சுற்றினால் பலகை 1.25 மில்லிமீட்டர் நகரும். கம்பியின் முனையில் ஒரு பித்தளைத் தட்டு, அதன் விளிம்பில் 25 கோடுகள். ஆக, ஒரு கோட்டுக்கு 0.05 மில்லிமீட்டர். கோடுகளைக் கையாலேயே கீறி, ஐந்துக்கு ஒன்றை நீளமாக்கி, மேலே கறுப்பு மை தேய்த்துத் துடைத்திருந்தார். இருட்டறையில் சின்ன டார்ச் அடித்தாலும் பளிச்சென்று தெரியும். கூலி எவ்வளவு என்றேன். "படம் முடிஞ்சதும் கூப்பிடு தம்பி, அது போதும்" என்றார்.

எந்தப் படத்துக்கு எத்தனை கோடு என்று கணக்குப் போட்டுத் தந்தவர் தமிழ் வகுப்பு ஐயா. பொம்மைக்கு நொடிக்கு 12 படம் போதும். கேமரா நகரும்போது அப்படி எடுத்தால் பின்னணி வெட்டி வெட்டி ஓடும்; 24 வேண்டும். 5 நொடிக்கு 120 படம். "நின்ன வண்டி எடுத்த எடுப்பிலே ஓடுமா?" என்று கேட்டுவிட்டு ஐயா நோட்டில் கட்டம் போட்டார். முதல் படத்துக்கு 1 கோடு, இரண்டாவதுக்கு 2, இப்படியே 25-வது படத்தில் ஒரு முழுச் சுற்று. அப்புறம் 70 படங்களுக்கு முழுச் சுற்று. கடைசி 25 படங்களில் அதே கணக்கு தலைகீழாக. மொத்தம் 12 சென்டிமீட்டர். கேமரா எப்போது கிளம்பியது, எப்போது நின்றது என்றே பார்ப்பவருக்குத் தெரியவில்லை. ஐயா, அந்த நோட்டுத்தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

இந்தக் கணக்கின் உண்மையான பலன் எஃபெக்ட்ஸ் வேலையில்தான் தெரிந்தது. தொட்ட இடத்துக்குக் கேமராவைத் திரும்பக் கொண்டுவர முடிந்தால், ஒரே நகர்வைப் பலமுறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 1977-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்துக்காக, அதன் எஃபெக்ட்ஸ் வேலையைச் செய்த ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு கணினி கட்டுப்படுத்தும் கேமராவை உருவாக்கியதும் இதற்காகத்தான். எங்களுக்குக் கணினியின் இடத்தில் பித்தளைத் தட்டு. முதலில் விளக்கொளியில் விண்கலம். அதே இடத்தில் விளக்கெல்லாம் அணைத்து, எஞ்சினில் உள்ள குட்டி பல்பு மட்டும் எரிய, கேமராவின் ஷட்டரை 2 நொடி திறந்து வைத்து இன்னொரு படம். கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் சேரும் ஸ்கிரீன் முறையில் அதை மேலே ஏற்றினால் எஞ்சின் தணலாய்ச் சிவக்கும். பிறகு விண்கலத்தை எடுத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து வெறும் பின்னணி மட்டும். விண்கலம் தொங்கிய தூண்டில் நரம்பை பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் அழிக்க அந்த வெற்றுப் படங்கள்தான் உதவின. பின்னால் திருப்பும்போது தொடக்கக் கோட்டைத் தாண்டிப் போய், மறுபடி முன்பக்கமாகவே வந்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மரையின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். அதையும் லேத் அண்ணன்தான் சொன்னார். இதைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது செய்யப் போனால் இதை மறக்காதீர்கள்.

பேட்டரி கடை அண்ணனே, உங்களுக்குத் தனியாக. நம் ஊர் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஜெனரேட்டருக்கு மாறினால் வெளிச்சத்தின் அளவு மாறும், படம் மினுக்கும். நீங்கள் தந்த 12 வோல்ட் பேட்டரியில் எல்இடி பட்டைகளை நேராக இணைத்ததால், தெருவே இருண்ட இரவிலும் முதல் படமும் கடைசிப் படமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருந்தன.

எதிர்வீட்டு பர்மியப் பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறேன். விண்கலம் இறங்கும்போது எழும் புழுதி அவர் கொடுத்த தனக்கா பொடியை, அதாவது பர்மியர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைப் பொடியை, தூவிய பஞ்சு. ஒவ்வொரு படத்துக்கும் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தோம். கேமராவில் என்ன நிறம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தோமோ, அதே வெளிர்மஞ்சள்.

அத்தை, மழைக்காலம் முழுக்க உங்கள் முன்னறையை விட்டுக்கொடுத்தீர்கள். தெயின்ஜி சந்தையில் கறுப்புத் துணி எடுத்து ஜன்னலுக்குத் திரை தைத்தீர்கள். நாங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபோதெல்லாம் வீட்டில் ஒருவரும் அழுத்தி நடக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். எங்கள் சட்டையின் நிறம் விண்கலத்தில் அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அன்று முதல் எல்லாரும் கறுப்புச் சட்டை.

மரைக்கம்பியும் தட்டும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. படம் எடுக்க விரும்பும் பிள்ளைகள் தயங்காமல் வந்து வாங்கிப் போகலாம். ஐயாவின் கணக்குத்தாளையும் நகல் எடுத்துத் தருகிறோம்.

நன்றியுடன்,
படக்குழுவின் சார்பில்