கிளிநொச்சியில் மின்சார ஸ்கூட்டர்களின் பட்டரி, சார்ஜர், வேகம், வீதியோரப் பாவனை தொடர்பான கோரிக்கை மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

விடயம்: மின்சார ஸ்கூட்டர், மின்சார சைக்கிள் பாதுகாப்புக் குறித்து மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானம் எடுக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

கிளிநொச்சி, பரந்தன், தருமபுரம், முறிகண்டிப் பகுதிகளில் மின்சார ஸ்கூட்டர் திருத்தும் தொழில் செய்வோரும் அவற்றை நாளாந்தம் ஓட்டுவோரும் சேர்ந்து இம்மனுவைத் தங்களிடம் கையளிக்கிறோம்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலை நம்பாத வண்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வன்னிச் சனங்களிடம் அப்போதுதான் வேரூன்றியது. சாதாரணமாக இங்கு ஓடும் 60 வோல்ற் 20 அம்பியர் வண்டிக்கு முழுச் சார்ஜ் போட ஏறத்தாழ ஒன்றரை யூனிற் மின்சாரம் போதும். பட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதில் 40 கிலோமீற்றர் ஓடலாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கும், தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாருக்கும், அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய உதவி. ஆகவே இவ்வண்டிகளைத் தடை செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. தடை வருவதற்குக் காரணமாகக்கூடிய விபத்துகளை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொழும்பிலிருந்து புதிய சட்டம் வரும்வரை காத்திராமல் மாவட்ட மட்டத்திலேயே தடுக்க முடியும்.

முதலில் சார்ஜர். எங்கள் கவலையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது.

60 வோல்ற் என்று எழுதப்பட்ட பட்டரிகள் எல்லாம் ஒன்றல்ல. ஈய அமிலப் பட்டரி என்றால் 12 வோல்ற் கட்டிகள் ஐந்து தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கட்டி ஒன்றுக்கு 14.7 வோல்ற் வீதம் அதன் சார்ஜர் 73.5 வோல்ற் வரை ஏற்றும். அதே 60 வோல்ற் பெயரில் வரும் லித்தியம் பட்டரிகளில் ஒரு வகை 16 செல் கொண்டது. செல் ஒன்று 4.2 வோல்ற்றுக்கு மேல் போகக்கூடாது என்பதால் அதன் உச்ச அளவு 67.2 வோல்ற். இரண்டு சார்ஜர்களின் முனையிலும் கணினிக்குப் போடும் வயரைப் போன்ற மூன்று துளைப் பிளக்கே இருக்கிறது. எதை எதில் குத்தினாலும் பொருந்தும். ஈயப் பட்டரியின் சார்ஜரை அந்த லித்தியம் பட்டரிக்குக் குத்தினால் செல் ஒன்று 4.6 வோல்ற் அளவுக்குத் தள்ளப்படும். பட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை வேலை செய்தால் மின்னை வெட்டிவிடும். மலிவான பலகைகளில் வெட்ட வேண்டிய உறுப்பே சூட்டில் எரிந்து இறுகி, பாதை திறந்தபடியே நின்றுவிடுகிறது. அதன்பின் செல் வீங்கும், புகையும், தீப்பற்றும். பழைய மடிக்கணினிச் செல்களைக் கோர்த்துக் கட்டிய பட்டரிகளில் காவல் பலகையே இருப்பதில்லை.

மறுபுறம், லித்தியம் சார்ஜரை ஈயப் பட்டரிக்குப் போட்டால் தீ வராது. ஆனால் கட்டி ஒன்றுக்கு 13.4 வோல்ற்தான் கிடைக்கும். பட்டரி ஒருநாளும் நிறையாது. தகட்டில் வெள்ளைப் படிவு ஏறிச் சில மாதங்களில் செத்துப்போகும். கடன்பட்டு வண்டி வாங்கிய குடும்பத்துக்கு அதுவும் பேரிழப்பே. இன்னொன்றும் உண்டு. மூன்று துளைகளில் நேர்முனை எது, மறைமுனை எது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறுகிறது. பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கிக் குத்தியவுடன் டப்பென்று வெடித்து, மோட்டருக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்றோலரோ சார்ஜரோ கருகுவதற்கு இதுவே காரணம்.

எனவே மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர், பட்டரி, சார்ஜர் விற்கும் ஒவ்வொரு கடையும் பட்டரியிலும் சார்ஜரிலும் தமிழிலும் சிங்களத்திலும் அழியாத ஒட்டி ஒன்றை ஒட்ட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் ஊடாகப் பணிக்குமாறு கேட்கிறோம். அதில் பட்டரியின் வகை, செல் எண்ணிக்கை, முழுச் சார்ஜ் வோல்ற், எந்தத் துளை நேர்முனை என்ற நான்கு விபரங்களும் இருந்தால் போதும். பரிசோதிப்பதும் கடினமல்ல. சார்ஜர் முனையில் மல்ரிமீற்றரை வைத்தால் வோல்ற் தெரிந்துவிடும். சில சார்ஜர்கள் பட்டரியில் குத்தாதவரை பூச்சியமே காட்டும். அவற்றைப் பட்டரியுடன் இணைத்து, பச்சை விளக்கு வரும் தறுவாயில் அளக்க வேண்டும்.

வன்னி வெயிலையும் இங்கே சொல்ல வேண்டும். சந்தையில் கிடைக்கும் சார்ஜர்கள் 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. 35 பாகையில் 60 வோல்ற் ஈயப் பட்டரிக்கு ஏறத்தாழ ஒரு வோல்ற் குறைவாகவே ஏற்ற வேண்டும். மலிவான சார்ஜர் அப்படிக் குறைப்பதில்லை. மத்தியான வெயிலில் ஓடி வந்தவுடன், பட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடுவதால் உள்ளிருக்கும் நீர் வற்றிக் கட்டிகள் பக்கவாட்டில் வீங்குகின்றன. வீங்கிய கட்டி ஒன்றை மட்டும் கழற்றிப் புதியதைப் போடுவது இங்கு வழக்கமாகிவிட்டது. பழையவை நான்கும் முந்தி நிறைந்து கொதிக்க, புதியது நிறையாமலே கிடக்கும். ஐந்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது அளந்து ஒரே திறனுள்ள கட்டியைப் போட வேண்டும்.

வீட்டுத் திட்ட வீடுகளில் சார்ஜ் போடும் இடமும் ஆபத்தானது. வண்டியை முன்கதவு வழியே உருட்டி மண்டபத்துக்குள் ஏற்றி, கதவருகில் உள்ள பிளக்கில் குத்திவிட்டு இரவு முழுக்க விடுகிறார்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியிலேயே தீ இருக்கும். நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பட்டரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து தரச்சான்று இல்லாத பட்டரியை விற்க அங்கு தடை. 2016 செப்டெம்பரில் எரிந்த கிளிநொச்சிச் சந்தையைக் கண்ட எவருக்கும், நெருக்கமான கடைத்தொகுதிக்குள் பட்டரி சார்ஜ் போடுவதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. சார்ஜ் போடும் இடம் கூரையுள்ள திறந்த விறாந்தையாக இருக்க வேண்டும், படுக்கையறையிலிருந்தும் கதவிலிருந்தும் விலகியிருக்க வேண்டும், வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்னை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும் என்று கிராம அலுவலர்கள் ஊடாக ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் கொடுக்குமாறு வேண்டுகிறோம். அதை எழுதிக் கொடுக்க நாங்கள் தயார்.

இதைவிட நல்ல வழி பொதுச் சார்ஜ் நிலையம். பலர் நினைப்பதுபோல் இது பெருஞ்செலவுக் காரியமல்ல. ஸ்கூட்டர் சார்ஜர் ஒன்று 230 வோல்ற்றில் ஒரு அம்பியர் அளவே இழுக்கும். பத்து வண்டிகளை ஒரே நேரத்தில் போட்டாலும் ஏறத்தாழ 2.2 கிலோவாற், ஒரு கேத்தல் கொதிக்கும் அளவு. தகரக் கொட்டகை ஒன்று, வண்டிக்கு வண்டி ஒரு மீற்றர் இடைவெளி, ஒவ்வொரு பிளக்குக்கும் தனி பிறேக்கர், வெளியில் எல்லாவற்றையும் நிறுத்தும் ஒரு சிவப்பு சுவிட்ச், வாளிகளில் மணல், தண்ணீர்க் குழாய் ஒன்று. பேருந்து நிலையத்துக்கு அருகிலும் மாவட்ட வைத்தியசாலைக்கு அருகிலும் அறிவியல் நகரிலும் முதலில் அமைக்கலாம். மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீடுகள் ஸ்கூட்டரால் அந்த எல்லையைத் தாண்டும்போது முதல் யூனிற்றிலிருந்தே கட்டணம் ஏறிவிடுகிறது. மாதத்தில் இருபது முழுச் சார்ஜ் என்றால் 30 யூனிற். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல; பொது நிலையம் அந்தச் சுமையையும் குறைக்கும்.

அடுத்தது வேகம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர் ஒன்று பெரும்பாலான கொன்றோலர்களில் இருக்கிறது. இருமுனை கொண்ட சிறிய இணைப்பு. அதைக் கழற்றினால் மணிக்கு 25 கிலோமீற்றரில் ஓட வேண்டிய வண்டி 45இல் ஓடும். சில கடைகள் விற்கும்போதே கழற்றிக் கொடுக்கின்றன. 25 கிலோமீற்றரில் போகும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிறேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 12 மீற்றர் எடுக்கும். 45இல் 28 மீற்றர். டிரம் பிறேக்கும் பத்து அங்குல ரயரும் கொண்ட, 35 கிலோ ஈயப் பட்டரியைக் காலடியில் சுமக்கும் வண்டிக்கு இது நல்ல வீதியில் வரும் கணக்கு. கிரவல் வீதியில் இன்னும் கூடும்.

பதிவு விடயத்திலும் குழப்பம். இந்தியாவில் 250 வாற்றுக்குக் குறைந்து 25 கிலோமீற்றருக்குள் ஓடுவதற்குப் பதிவு தேவையில்லை. அதற்கு மேல் தேவை. ஐரோப்பாவில் பெடல் உதவியுடன் ஓடும் சைக்கிளுக்கும் 250 வாற், 25 கிலோமீற்றர் என்பதே எல்லை. இங்கு எந்த வண்டிக்குப் பதிவு, எதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம், எதற்குத் தலைக்கவசம் என்பதை வாங்குபவரும் அறியார், விற்பவரும் சொல்லார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இதைத் தமிழில் தெளிவாக எழுதி ஒவ்வொரு விற்பனைக் கடையிலும் ஒட்டச் செய்ய வேண்டும். வேகக் கட்டுப்பாட்டு வயரைக் கழற்றி விற்கும் கடைமீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பொலிஸார் வீதியில் நிறுத்திச் சோதிக்கும்போது ஆவணத்துடன் இரண்டு விடயங்களையும் பார்க்கும்படி கேட்கிறோம். ஒன்று, பிறேக் கைபிடியை இலேசாக இழுத்தவுடன் மோட்டர் நிற்கிறதா என்பது. அந்தச் சுவிட்ச் பழுதானதும் பலர் வயரை வெட்டிவிடுகிறார்கள். பிறகு பிறேக் பிடித்தாலும் மோட்டர் தள்ளிக்கொண்டே இருக்கும். மற்றது அக்சிலரேட்டர் வயர். அதில் சிவப்பு 5 வோல்ற், கறுப்பு எர்த், மூன்றாவது எவ்வளவு வேகம் வேண்டும் என்று கொன்றோலருக்குச் சொல்லும் சைகை வயர். கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து கறுப்பு வயர் அறுந்தால் சைகை உச்சத்துக்குப் போய், கைபிடியைத் திருகாமலே வண்டி பாயும். நல்ல கொன்றோலர் இதைப் பிழையென உணர்ந்து நிறுத்திவிடும், மலிவானது நிறுத்தாது. முன்சில்லைத் தூக்கிப் பிடித்தால் போதாது, மோட்டர் பின்சில்லில் இருப்பதால் நடுத்தாங்கியில் நிறுத்தி, கைபிடியை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பிழை வெளிப்படும்.

மாரியில் வரும் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சில்லின் அச்சு நிலத்திலிருந்து சுமார் எட்டு அங்குல உயரத்தில் உள்ளது. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கும் நாட்களில் வெள்ளம் அதைத் தொட்டால், அச்சுத் துளை வழியே வயரோடு ஒழுகி மோட்டருக்குள் நீர் இறங்கும். முதலில் உதறும், பிறகு நடுவீதியில் நிற்கும். வெள்ள எச்சரிக்கை அறிவித்தல்களில் இவ்வண்டிகளுக்கும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இனிப் பாதை. டிப்போ சந்தியிலிருந்து கரடிப்போக்குச் சந்தி வரை ஏ-9 வீதியின் ஓரம் பாடசாலைச் சைக்கிள்கள், நடப்போர், ஓட்டோ, மாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அறுவடைக் காலத்தில் நெல் காயப்போடுவதால் பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியின் பல இடங்களில் அந்த ஓரமும் இல்லாமல் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டோம், உலர்த்தும் தளம் இல்லாதபோது அவர் எங்கே போவார்? தளம் அமைத்துக் கொடுத்தபின் வீதியைக் கேட்கலாம். 25 கிலோமீற்றருக்குள் ஓடும் வண்டிகள் சைக்கிள்களோடு ஓரத்தில் போகலாம். அதைவிட வேகமானவை வீதியின் பிரதான தடத்திலேயே போக வேண்டும், ஓரத்தில் முந்தக் கூடாது என்று வீதி அபிவிருத்தி அதிகார சபை பலகை நாட்ட வேண்டும்.

குளக்கட்டிலும் நடைபாதையிலும் ஸ்கூட்டர் கூடவே கூடாது. சிங்கப்பூர் 2019 நவம்பரில் நடைபாதையில் மின்சார ஸ்கூட்டரைத் தடை செய்தது. எங்கள் மாவட்டத்தில் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது. போரில் பார்வை இழந்தவர்களும் கால் இழந்தவர்களும் இப்பாதைகளில் நடக்கிறார்கள். சத்தமில்லாமல் பின்னால் வரும் வண்டியைப் பார்வையற்றவர் அறிய வழியில்லை. ஆனால் வாயிலில் தூண் நட்டு மறிக்க வேண்டாம். ஸ்கூட்டரின் கைபிடி அகலம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். சக்கர நாற்காலி தடங்கலின்றி நுழைய 90 வேண்டும். ஸ்கூட்டரை மறிக்கும் தூண் முதலில் சக்கர நாற்காலியைத்தான் மறிக்கும். பலகையும், மாலை வேளையில் பிரதேச சபை ஊழியர் ஒருவரின் கண்காணிப்பும் போதும். வீதியில் ஓடும் மின்சார வண்டிகள் எல்லாவற்றிலும் சைக்கிள் மணி கட்டாயமாக்கப்பட வேண்டும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும்.

கழிக்கும் பட்டரிகள் குறித்து ஒரு வேண்டுகோள். ஈயத்துக்காக அவற்றை வளவுக்குள் உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றுவது நடக்கிறது. எங்கள் குடிநீர் கிணற்று நீர். விற்கும் கடையே பழையதைத் திரும்ப எடுத்து அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்கும் முறையை மத்திய சுற்றாடல் அதிகார சபை நடைமுறைப்படுத்த வேண்டும்.

அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அரை மணிநேரம் ஒதுக்கித் தந்தால், இருவகைச் சார்ஜர்களையும் வீங்கிய பட்டரி ஒன்றையும் மல்ரிமீற்றரையும் கொண்டுவந்து உறுப்பினர்கள் முன் அளந்து காட்டுவோம். பொலிஸாருக்கான சோதனைப் பயிற்சியையும் கட்டணமின்றிச் செய்து தருவோம்.

இங்ஙனம்,
கிளிநொச்சி மாவட்ட மின்சார ஸ்கூட்டர் திருத்துநர்களும் ஓட்டுநர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி:
செயலாளர், கரைச்சிப் பிரதேச சபை
பொறுப்பதிகாரி, போக்குவரத்துப் பிரிவு, பொலிஸ் நிலையம், கிளிநொச்சி
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், மாவட்ட அலுவலகம், கிளிநொச்சி